லிஸ்ஃப்ராங்க் காயம்: கல்லூரி வீரர் எப்போது களத்துக்குத் திரும்புவார்?

கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ரன்னிங் பேக் ஆக, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவராக ஆடும் ஒருவருக்கு அக்டோபர் முதல் வாரம் பாதத்தில் அடிபட்டது. "சுளுக்குதான், ஒன்றிரண்டு வாரம்" என்றார்கள். 12 நாள் கழித்து "லிஸ்ஃப்ராங்க், அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது" என்கிறார்கள். எலும்பு முறியவே இல்லையாம். முறியாத காலுக்கு எதற்கு ஸ்க்ரூ? வசந்தகாலப் பயிற்சிக்கு வருவாரா? பழைய வேகம் இருக்குமா?

முதலில் சுருக்கமான பதில். வசந்தகாலப் பயிற்சியில் அவரை முழுதாக எதிர்பார்க்காதீர்கள். அடுத்த சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் முகாமுக்குள் வந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. வேகம் பெரும்பாலும் திரும்பும். ஆனால் "ஆட வந்துவிட்டார்" என்று செய்தி வந்து சில மாதம் கழித்துத்தான் அது திரும்பும். இந்தக் காயத்தில் வலி குறைவதை வைத்து நாள் குறிக்க முடியாது. எழுந்து நிற்கும்போது எலும்புகள் விலகினவா, விலகியதை எதைக் கொண்டு பிடித்து வைத்தார்கள் என்ற இரண்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை நீங்களே கணக்குப் போடலாம்.

எது கிழிந்தது

விரல்களுக்குப் பின்னால் 5 நீள எலும்புகள் உண்டு; மெட்டாடார்சல் என்பார்கள். அவை பாதத்தின் நடுவில் கியூனிஃபார்ம் எனப்படும் 3 சிறிய எலும்புகளோடும், வெளிப்பக்கத்தில் கியூபாய்டு எலும்போடும் சேர்கின்றன. இந்த மூட்டு வரிசைக்குத்தான் லிஸ்ஃப்ராங்க் என்று பெயர். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் லிஸ்ஃப்ராங்க் இந்த வரிசை வழியாகப் பாதத்தின் முன்பகுதியைத் துண்டிக்கும் முறையை வகுத்தவர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி மற்றவற்றைவிடச் சற்றுப் பின்னால் போய், இரு பக்கக் கியூனிஃபார்ம்களுக்கு நடுவே செருகி நிற்கிறது. கல் வளைவின் உச்சியில் இறுக்கிய ஆப்புக்கல் போல, பாதத்தின் வளைவு முழுவதும் அந்த ஓர் எலும்பை நம்பி நிற்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரையுள்ள மெட்டாடார்சல்களின் அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று தசைநார்கள் கட்டுகின்றன. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் அப்படி ஒன்று இல்லை. அதற்குப் பதிலாக உட்பக்கக் கியூனிஃபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலின் அடிக்குக் குறுக்காக ஒரு தடித்த தசைநார் ஓடுகிறது. லிஸ்ஃப்ராங்க் தசைநார் என்பது அதுதான். அது போனால் கட்டைவிரல் பக்கமும் மற்ற நான்கு விரல் பக்கமும் பிரிந்துகொள்ளும். எலும்பு ஒன்றும் முறிய வேண்டியதில்லை.

கார் விபத்தில் இது நசுங்கி உடையும். கால்பந்தில் நடப்பது வேறு. வீரரின் முன்பாதம் புல்லில் ஊன்றியிருக்கும், குதிகால் மேலே தூக்கியிருக்கும். அந்த நிலையில் 130 கிலோ ஆள் ஒருவர் அந்தக் குதிகால் மேல் விழுவார். எடை முழுவதும் நடுப்பாதத்தின் மேற்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கும். அங்கேதான் தசைநார்கள் மெலிந்தவை. யாரும் தொடாமலும் வரலாம்: ஷூவின் ஸ்டட் தரையில் சிக்கி முன்பாதம் நிற்க, உடல் திரும்பிவிட்டால் போதும். ரன்னிங் பேக்குக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கும். ஆனால் அதிகம் அடிபடுவோர் எதிரணியைத் தடுத்து நிற்கும் லைன்மேன்கள். அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், கல்லூரிக் கால்பந்து வீரர்களில் ஆண்டுக்கு சுமார் 4% பேருக்கு நடுப்பாதச் சுளுக்கு வருவதாகவும், அதில் கிட்டத்தட்ட 29% இந்த லைன்மேன்களுக்கு என்றும் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை லேசானவை. அதனால்தான் கடுமையானது வரும்போதும் முதல் நாளில் "சுளுக்கு" என்ற சொல் வாயில் வந்துவிடுகிறது.

ஏன் 12 நாள் தாமதம்

இதற்காகப் பயிற்சிக் குழுவைத் திட்டுவது எளிது. ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணமும் இருக்கலாம், கவனக்குறைவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படுக்க வைத்தோ உட்கார வைத்தோ எடுத்த எக்ஸ்ரேயில் இந்த விலகல் தெரியாமல் போகலாம். எடை ஏறாதபோது எலும்புகள் பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு கால்களிலும் எடை போட்டு நிற்கச் சொல்லி, இரண்டு பாதங்களையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது மெட்டாடார்சலின் உள்விளிம்பும் நடுக் கியூனிஃபார்மின் உள்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா, நல்ல காலோடு ஒப்பிட்டால் இடைவெளி 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடைவெளியில் ஒரு சின்ன எலும்புச் சில்லு தெரிந்தால் தசைநார் எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் வாதமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், அடிபட்ட அன்று வலியில் அவரால் ஊன்றி நிற்கவே முடியாது. பாதி எடை போட்டு எடுத்த படம் பொய் சொல்லும். எனவே காலை 'பூட்' எனப்படும், பாதத்தை அசையாமல் பிடிக்கும் கெட்டியான மருத்துவக் காலணியில் வைத்து, ஊன்றாமல் 10 முதல் 14 நாள் விட்டு, மறுபடி நிற்க வைத்துப் படம் எடுப்பது ஏற்கப்பட்ட வழி. உங்கள் வீரரின் 12 நாள் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது. இடையில் எம்ஆர்ஐ எடுத்தால் தசைநார் கிழிந்ததா என்று தெரியும். ஆனால் எடை ஏறும்போது மூட்டு விலகுமா என்ற கேள்விக்கு அது நேரடிப் பதில் தராது. நின்றபடி எடுக்கும் சிடி ஸ்கேன் உள்ள இடங்களில் அந்தக் குறை தீர்கிறது.

அந்த 12 நாளும் ஊன்றுகோலில் இருந்தாரா, அல்லது கட்டுப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலாவது என்றால் முறையான காத்திருப்பு. இரண்டாவது என்றால், லேசான கிழிவை முழுக் கிழிவாக்கும் வேலை.

கால்பந்தோ, கபடியோ, பூப்பந்தோ ஆடுகிற யாருக்கும் உதவும் அடையாளங்கள் சில உண்டு. அடிபட்ட ஓரிரு நாளில் உள்ளங்காலின் வளைவில் நீலம் பாய்ந்தால் அது லிஸ்ஃப்ராங்க் அல்ல என்று நிரூபிக்கும் வரை லிஸ்ஃப்ராங்க்தான். கணுக்கால் சுளுக்கில் வலி கணுக்காலின் வெளிப்பக்க எலும்புப் புடைப்புக்குக் கீழே இருக்கும். இதில் ஷூ லேஸ் கட்டும் இடத்தில், பாதத்தின் மேல்புறத்தில் இருக்கும். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி எம்பி நிற்கச் சொன்னால் முடியாது. முன்பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் மெல்லத் திருப்பினால் துள்ளுவார். இந்தக் காயங்களில் சுமார் ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தவறிப்போகிறது என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

முறியாத காலுக்கு ஏன் ஸ்க்ரூ

விளையாட்டு வீரர்களுக்கு இன்றும் பயன்படும் வகைப்பாடு டியூக் பல்கலைக்கழகத்தின் நன்லி, வெர்டுல்லோ இருவரும் 2002-இல் வெளியிட்டது. நின்று எடுத்த படத்தில் விலகலே இல்லை, ஆனால் வலியும் ஸ்கேனில் மாற்றமும் உண்டு என்றால் முதல் நிலை. இடைவெளி 1 முதல் 5 மி.மீ. வரை, பாத வளைவின் உயரம் குறையவில்லை என்றால் இரண்டாம் நிலை. 5 மி.மீ.க்கு மேல் விலகி வளைவும் தாழ்ந்துவிட்டால் மூன்றாம் நிலை. முதல் நிலைக்குக் கத்தி வேண்டாம்: மாவுக்கட்டு அல்லது பூட்டில் சுமார் 6 வாரம், பிறகு வளைவைத் தாங்கும் இன்சோல், மொத்தம் மூன்று நான்கு மாதத்தில் ஆட்டம். இடையில் 2 வாரத்தில் ஒருமுறை நின்று படம் எடுத்து, விலகல் தோன்றவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். இரண்டும் மூன்றும் அறுவை சிகிச்சைக்கு உரியவை.

எலும்பு முறிந்திருந்தால் தேவலை என்றுகூட இங்கே சொல்லலாம். முறிந்த எலும்பு, சரியாகச் சேர்த்து வைத்தால் 6 முதல் 8 வாரத்தில் எலும்பாகவே கூடும். தசைநார் எலும்போடு மறுபடி ஒட்டுவது மெதுவானது, ஒட்டினாலும் பழைய இறுக்கம் வருவது உறுதியில்லை. ஒட்டுகிற மாதங்களில் எலும்புகள் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஸ்க்ரூ. விலகிய நிலையிலேயே ஆறிவிட்டால் மூட்டின் தொடுபரப்பு குறைந்து, குருத்தெலும்பு தேய்ந்து, இளம் வயதிலேயே நடுப்பாதத்தில் மூட்டுவாதம் வந்து நிற்கலாம்.

எதைக் கொண்டு பிடித்தார்கள் என்பது செய்தியில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நாள்காட்டி அதில்தான் இருக்கிறது.

பழைய முறை, மூட்டின் குறுக்கே 3.5 அல்லது 4 மி.மீ. ஸ்க்ரூ. முக்கியமானது உட்பக்கக் கியூனிஃபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலின் அடிக்குள், கிழிந்த தசைநாரின் வழியிலேயே போகும். பிடிப்பு பலமானது. ஆனால் குருத்தெலும்பைத் துளைத்துப் போகிறது. மூட்டு கொஞ்சமாவது அசையும் என்பதால் நாளாக நாளாக உலோகம் களைத்து உடையும். ஆகவே வேகமாக ஓடவும் வெட்டித் திரும்பவும் தொடங்கும் முன் அதை எடுத்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது மாதத்தில் இரண்டாவது சின்ன அறுவை.

இரண்டாவது முறை, மூட்டைத் தொடாமல் அதன் மேல் பாலம் போலப் பிளேட் வைத்து இரு பக்கமும் ஸ்க்ரூ போடுவது. குருத்தெலும்பு தப்பிக்கும். கீறல் நீளும். பிளேட்டையும் பின்னர் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, உறுதியான நூலை எலும்புகளுக்கு ஊடே செலுத்தி இரு முனையிலும் சின்ன உலோகப் பொத்தானால் இறுக்குவது. இயல்பான அசைவுக்கு இடம் கொடுக்கும், எடுக்கவும் வேண்டாம். வேக வீரருக்கு இது கவர்ச்சியான தேர்வு. தசைநார் மட்டும் போன, விலகல் சிறிய காயத்துக்குப் பொருந்தும். பல மூட்டுகள் ஆட்டம் கண்ட 140 கிலோ லைன்மேனுக்கு இதை மட்டும் நம்பி விடுவது சரியாகப் படவில்லை.

நான்காவது, மூட்டையே நிரந்தரமாக ஒட்டிவிடுவது. கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் முதல் மூன்று மெட்டாடார்சல் மூட்டுகள் இயல்பிலேயே மிகக் குறைவாக அசைபவை. ஒட்டினால் இழப்பு சிறிது. லை, கோட்ஸி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் தசைநார்க் காயம் மேலோங்கிய 41 நோயாளிகளை ஒப்பிட்டபோது, ஸ்க்ரூ போட்டவர்களைவிட ஒட்டியவர்கள் பழைய செயல்திறனை அதிகம் மீட்டார்கள். அவர்கள் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் அல்லர் என்பதால் இந்த முடிவை அப்படியே 20 வயது ரன்னிங் பேக்குக்குப் பொருத்த மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் குருத்தெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருந்தால் ஒட்டுவதே நேர்மையான வழி. நான்காவது ஐந்தாவது மெட்டாடார்சல்களை மட்டும் யாரும் ஒட்டமாட்டார்கள். மேடுபள்ளத்தில் பாதம் வளைந்துகொடுப்பது அவற்றால்தான். அங்கே விலகல் இருந்தால் சுமார் 6 வாரம் கம்பி வைத்து எடுத்துவிடுவார்கள்.

அறுவையின் நாளும் மருத்துவர் விருப்பப்படி வருவதில்லை. பாதத்தின் மேல்தோல் மெல்லியது. வீக்கத்தில் பளபளவென்று இருக்கும்போது கீறினால் தையல் வாய் பிளக்கும், கிருமி புகும். தோலில் மறுபடி சுருக்கம் தெரியும் வரை காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்திவைத்துக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அதுவும் 10 முதல் 14 நாள்.

உங்கள் வீரரின் மாதங்கள்

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அறுவை, குறுக்கு ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் 2 வாரம் பஞ்சுக்கட்டு, படுக்கை, உயர்த்திய கால். தையல் பிரித்தபின் பூட். ஆனால் 6 வாரம் வரை ஒரு கிலோ எடைகூட அந்தக் காலில் ஏறக்கூடாது. முழங்காலை மடித்து வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சின்ன ஸ்கூட்டரில் வகுப்புக்குப் போவார். இந்தக் காலத்தைச் சும்மா கழிக்கும் வீரர் பின்னால் இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுப்பார். இடுப்பு, தொடை, வயிறு, மேலுடல் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. விரல்களை மடக்கி நீட்டலாம். புண் முழுதாக மூடியபின் ஆழமான நீரில் மிதந்தபடி கால் அசைக்கலாம். நிகோடின் எந்த வடிவத்திலும் கூடாது. உதட்டுக்குள் வைக்கும் பொட்டலமும் சேர்த்துத்தான். அது ரத்தநாளங்களைச் சுருக்கிப் புண் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் கெடுக்கும். கெண்டைக்காலில் திடீர் வீக்கமோ வலியோ வந்தால் ரத்தக்கட்டு என்று சந்தேகித்து அன்றே பார்க்க வேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் நின்று படம். விலகல் இல்லையென்றால் பூட்டோடு, வளைவுத் தாங்கியோடு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குளியலறைத் தராசில் காலை வைத்து 10 கிலோ, 20 கிலோ என்று பழகுவது எளிய, நம்பகமான வழி. வாரத்துக்கு உடல் எடையில் கால்பங்கு கூட்டினால் ஜனவரி முதல் வாரத்தில் முழு எடை. ஜனவரி நடுவில் பூட் கழன்று, அடியில் கார்பன் ஃபைபர் தகடு வைத்த கெட்டியான ஷூ. முன்பாதம் மடியும்போது நடுப்பாதத்துக்குப் போகும் விசையை அந்தத் தகடு வாங்கிக்கொள்ளும். நிலைச் சைக்கிளில் மிதியைக் குதிகாலுக்கு அருகில் வைத்து மிதிப்பார்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வலி இல்லை, நடை சீராகிவிட்டது, கால் தயார் என்று தோன்றும். ஆனால் கெண்டைக்காலைப் பாருங்கள்: மற்றதைவிடச் சூம்பியிருக்கும். ஓட்டத்தில் பாதத்தை உந்துவது அந்தத் தசைதான். அது பலவீனமாக இருந்தால் வேலை நடுப்பாதத்தின் மேல் விழும். இரண்டு காலில் எம்புவது, பிறகு ஒற்றைக் காலில், பிறகு எடை பிடித்து என்று மாதக்கணக்கில் செய்தால்தான் அது திரும்பும். காற்றழுத்தத்தால் உடலைத் தாங்கும் டிரெட்மில்லில் பாதி எடையிலிருந்து மெதுவோட்டம் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான்.

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் ஸ்க்ரூவை எடுப்பார்கள். செய்தியில் "இரண்டாவது அறுவை சிகிச்சை" என்று வந்தால் பதற வேண்டாம். திட்டத்திலேயே உள்ளதாக இருக்கலாம். எடுத்த துளைகள் எலும்பால் நிரம்ப நாள் வேண்டும். 4 முதல் 6 வாரம் தாவல், வெட்டுத் திருப்பம் எதுவும் கிடையாது. கல்லூரிகளின் வசந்தகாலப் பயிற்சி மார்ச், ஏப்ரலில், 15 அமர்வுகளாக நடக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அவர் ஏன் தனியாக ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பார் என்று புரியும். நூல்-பொத்தான் முறை என்றால் இந்த இடைவெளி மிச்சம். கடைசிச் சில அமர்வுகளில் மோதல் இல்லாத பகுதியில் இறங்கலாம்.

நேர் ஓட்டம் ஏப்ரலில், பக்கவாட்டுத் திருப்பம் மே, ஜூனில், முழு மோதல் ஆகஸ்ட் முகாமில். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது மறுநாள் காலை பாதம் வீங்கியதா என்பதே. வீங்கினால் ஒரு படி கீழே. களத்துக்கு விடும் முன் ஒற்றைக் காலில் முழு உயரத்துக்கு 20 முதல் 25 எம்பல், ஒற்றைக் கால் தாவலில் நல்ல காலின் 90% தூரம், நின்ற படத்தில் புதிய விலகல் இல்லாமை ஆகியவற்றைப் பார்ப்பது பரவலான வழக்கம். நான் இதில் ஒன்றைச் சேர்ப்பேன்: அடுத்தடுத்து இரண்டு நாள் முழுப் பயிற்சி. முதல் நாள் எல்லோரும் தேறுவார்கள்.

பழைய வேகம் வருமா

இவரைப் போலவே கல்லூரியில் அடிபட்ட ஒருவர், ஒக்லஹோமாவின் மார்க்கீஸ் பிரவுன். முழுக்க வேகத்தால் பிழைத்த ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர். 2018 டிசம்பர் 1 அன்று டெக்சாஸுக்கு எதிரான, பிக் 12 என்ற கல்லூரி லீகின் இறுதி ஆட்டத்தில் பாதத்தில் அடி. டிசம்பர் 29-இல் அலபாமாவுக்கு எதிரான ஆரஞ்சு பௌலில் இறங்கினார். ஒரு பந்தும் பிடிக்கவில்லை. 2019 ஜனவரியில் லிஸ்ஃப்ராங்க் அறுவை. தொழில்முறை அணிகள் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் ஓடவே இல்லை. இருந்தும் ஏப்ரலில் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை 25-ஆவது தேர்வாக எடுத்தது. செப்டம்பர் 8, மியாமியில் முதல் ஆட்டம்: முதலில் பிடித்த இரண்டு பந்துகளும் டச்டவுன், 47 யார்டு, 83 யார்டு. மொத்தம் 147 யார்டு.

இதைப் படித்து "8 மாதத்தில் சரியாகிவிட்டது" என்று எழுதுவார்கள். ஆனால் அன்று அவரை அணி ஒரு டஜன் சொச்சம் ஸ்னாப்களுக்குத்தான் (பந்தை ஆட்டத்தில் விடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) இறக்கியது. அந்த சீசன் முழுவதும் பாதத்தைப் பார்த்துப் பார்த்தே ஆடி, 14 ஆட்டத்தில் 584 யார்டோடு முடித்தார். ஸ்க்ரூவை எடுத்ததே சீசன் முடிந்த பிறகுதான். 1,000 யார்டைத் தாண்டியது 2021-இல்.

உங்கள் வீரரின் இடத்திலேயே ஆடுபவர் டிராவிஸ் எட்டியன். கிளெம்சன் கல்லூரியிலிருந்து 2021-இல் தொழில்முறை அணியான ஜாக்சன்வில் எடுத்தது. அந்த ஆகஸ்டிலேயே பயிற்சி ஆட்டத்தில் லிஸ்ஃப்ராங்க். முழு ஆண்டையும் விட்டார், யாரும் அவசரப்படுத்தவில்லை. 2022-இல் 17 ஆட்டமும் ஆடி 1,125 யார்டு ஓடினார். மறுபுறம் தொழில்முறை வீரர் கேம் நியூட்டன். 2019 ஆகஸ்ட் பயிற்சி ஆட்டத்தில் பாதத்தில் அடிபட்டு, சீசனின் முதல் இரண்டு ஆட்டம் ஆடி, பிறகு ஓய்வு, பிறகு நவம்பரில் சீசன் முடிந்ததாக அறிவிப்பு, டிசம்பரில் அறுவை. கத்தியைத் தவிர்க்கலாமா என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பார்க்கிற மாதங்கள் கணக்கில் கழிவதில்லை, பின்னால் சேர்கின்றன.

தொழில்முறை வீரர்கள் 28 பேரின் லிஸ்ஃப்ராங்க் காயங்களை ஆராய்ந்த, 2016-இல் வெளிவந்த ஆய்வில் 2 பேர் தவிர எல்லோரும் திரும்பினர். அவர்கள் திரும்ப எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 11.1 மாதம். அதில் சீசன் இல்லாத மாதங்களும் சேர்ந்திருப்பதால் உடல் தயாரான நாள் அதைவிட முன்னதாக இருக்கும். அக்டோபரில் அடிபடுவது அந்த வகையில் நல்ல காலம்: இழப்பது பாதி சீசன், குணமாகக் கிடைப்பது 10 மாதம். ஆகஸ்டில் அடிபட்டால் ஒரு சீசனே போய்விடும்.

தகுதி ஆண்டைப் பற்றியும், அதாவது கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கும் ஆண்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 முதல், ஒரு சீசனில் 4 ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் ரெட்ஷர்ட் ஆக, அதாவது அந்த ஆண்டு கணக்கில் சேராதவராக, அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. ஏற்கெனவே ரெட்ஷர்ட் எடுத்தவர் என்றால் மருத்துவச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். காயம் சீசனின் முதல் பாதியில் நடந்திருக்க வேண்டும், ஆடியது சுமார் 30% ஆட்டத்துக்குள் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் 5 ஆட்டம் ஆடியிருந்தால் இரண்டு கதவும் அடைந்துவிடும். கல்லூரி விதிகள் இப்போது அடிக்கடி மாறுவதால், அவர் சேர்ந்த ஆண்டுக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று

"பாதத்தில் ஸ்க்ரூ போட்டார்கள், 10 வாரத்தில் ஆடிவிட்டார்" என்று யாராவது உதாரணம் காட்டினால், அது பெரும்பாலும் ஜோன்ஸ் முறிவு. சுண்டுவிரல் பக்கத்து ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதியில் வருவது. ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தனக்கே வந்ததை 1902-இல் எழுதியதால் அந்தப் பெயர். அங்கே எலும்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு தடித்த ஸ்க்ரூ, அதை எடுப்பதும் இல்லை. பிரச்சினை ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பது. எலும்பு முழுதாகக் கூடும் முன் ஆடினால் மறுபடி முறியும். அலபாமாவின் ஜூலியோ ஜோன்ஸ் 2011 கம்பைனில் இந்த முறிவோடே 40 யார்டை 4.39 விநாடியில் ஓடினார், பிறகு ஸ்க்ரூ போட்டார்கள். 2013-இல் பாதத்தில் மறுபடி முறிவு, 5 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. அந்தக் காயத்தின் வாரக்கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

இனி செய்திகளில் எதைத் தேடுவது? கல்லூரி லீகுகளான பிக் டென் 2023 முதலும், எஸ்இசி 2024 முதலும் ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவார் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. அதில் காயத்தின் பெயர் இருக்காது. "பூட் கழன்றது" என்பதைவிட "ஸ்க்ரூ எடுத்தாயிற்று" என்பது கனமான செய்தி. ஜிம்மில் எத்தனை கிலோ தூக்கினார் என்ற வீடியோக்களைத் தள்ளிவிடலாம். குதிகால் தரையில் இருக்கும் எந்தப் பயிற்சியும் இந்தக் காயத்தைச் சோதிப்பதில்லை. ஆகஸ்டில், அடிபட்ட கால் வெளிக்காலாக ஊன்றி உள்பக்கம் வெட்டித் திரும்பும் ஓட்டங்களை அவருக்குக் கொடுக்கிறார்களா, அல்லது நேராக ஓடும் ஆட்டங்களும் பாஸ் தடுப்பும் (பந்தை எறிபவரைக் காப்பது) மட்டும்தானா என்று பாருங்கள். பயிற்சியாளர் வாய் திறக்காவிட்டாலும் அந்தப் பாதத்தின் நிலை அதில் தெரிந்துவிடும்.